மிடில்டவுனில் ஒலித்த சொற்கட்டு: குடியேறிய தமிழ்க் கலைஞர்களும் இசைக்கல்வியும்

வேற்று நாட்டிலிருந்து வந்து ஓர் ஊரில் குடியேறி, அங்குள்ளவர்களுக்குத் தம் இசையை ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்து, அதன் வழியாக அந்த ஊரின் செவிப்பழக்கத்தையே மாற்றிய கலைஞர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. கச்சேரிக்காகக் கடல் கடந்து சென்று பாராட்டுப் பெற்றுத் திரும்பியவர்களின் பயணங்கள் நம் பத்திரிகைகளில் விரிவாக இடம்பெற்றிருக்கின்றன. போன இடத்திலேயே தங்கி, நாள்தோறும் வகுப்பெடுத்து, தொடக்கநிலை மாணவரின் தடுமாறும் விரல்களைத் திருத்திக்கொண்டிருந்தவர்களின் உழைப்போ பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துபோகிறது. இசை ஒரு சமூகத்துக்குள் நிலையாக இறங்குவது கச்சேரி மேடையைவிட வகுப்பறை வழியாகவே அதிகம் நிகழ்கிறது என்பதால், இந்தக் குறை சிறியதன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், அதே பெயர் கொண்ட ஆற்றின் கரையில் அமைந்த மிடில்டவுன் என்னும் சிறிய நகரத்தில், வீணை தனம்மாளின் பேரர்களான தஞ்சாவூர் ரங்கநாதனும் தஞ்சாவூர் விசுவநாதனும் செய்த பணி இதற்கு மிகத் தெளிவான சான்று.

மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1831இல் மெதடிஸ்ட் சபையினரால் நிறுவப்பட்டது. அங்கே 1963இல் மிருதங்க ஆசிரியராகப் பொறுப்பேற்ற ரங்கநாதன், இடையில் கலிஃபோர்னியாவில் கற்பித்த காலம் நீங்கலாக, 1987இல் மறையும் வரை அந்தப் பணியோடு பிணைந்திருந்தார். அவருடைய தம்பி விசுவநாதன், புல்லாங்குழல் கலைஞர். 1975 முதல் 2002இல் உயிர் துறக்கும் வரை அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். இருவருடைய பணிக்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தமிழ்நாட்டின் மரபிசையைக் கேட்டே இராத ஓர் ஊரில் அந்த இசை அன்றாடப் பாடமாக இருந்திருக்கிறது.

இவர்கள் எதைக் கொண்டுபோனார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அறிய வேண்டும். வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் வாழ்ந்த தஞ்சை மரபின் பெருங்கலைஞர். இசையையும் நடனத்தையும் தலைமுறைதோறும் பெண்வழியாகக் காத்துவந்த குடும்பம் அவருடையது. அவருடைய மகள் ஜயம்மாளின் பிள்ளைகளே பரதக் கலைஞர் பாலசரஸ்வதி (1918–1984), ரங்கநாதன் (1925–1987), விசுவநாதன் (1927–2002) ஆகியோர். இன்னொரு மகள் காமாட்சியின் புதல்வியரான பிருந்தாவும் முக்தாவும் பதம், ஜாவளி பாடுவதில் இணையற்றவர்களாக மதிக்கப்பட்டனர். பதம் என்பது காதலின் பல நிலைகளை மிக மெதுவான காலப்பிரமாணத்தில் விரித்துப் பாடும் உருப்படி. ஜாவளி அதே பொருளை விரைவாகவும் துடிப்பாகவும் சொல்வது. இத்தகைய குடும்பங்களோடு பிணைந்திருந்த தேவதாசி முறைக்கு எதிராக எழுந்த இயக்கமும், கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்த 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டமும் அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அது தேவையான சீர்திருத்தம். எனினும், அந்த முறையோடு சேர்ந்து அவதூறுக்கு ஆளான குடும்பங்களின் இசைச் செல்வத்தைக் காப்பதற்கென்று எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. தனம்மாள் குடும்பம் தன் கலைத்தகுதியின் வலிமையாலேயே நிலைத்து நின்றது.

ரங்கநாதனின் குரு பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடக்கையால் வலந்தலையை வாசித்த அவர், மாமுண்டியா பிள்ளையில் தொடங்கும் புதுக்கோட்டை மரபைச் சேர்ந்தவர். கணக்கு நுட்பமும் தொப்பியின் ஆழ்ந்த நாதமும் அந்த வாசிப்பின் அடையாளங்கள். வலந்தலை என்பது மிருதங்கத்தில் கரணை எனப்படும் கருஞ்சாந்து ஏற்றிய சிறிய முகம். தொப்பி என்பது வாசிப்பதற்கு முன் ரவைப் பசை அப்பப்படும் பெரிய முகம். விசுவநாதனின் குருவோ திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. நாகசுரக் குடும்பத்தில் பிறந்து புல்லாங்குழலை ஏற்ற அவர், வாய்ப்பாட்டின் நெளிவுகளைக் குழலில் முழுமையாகக் கொண்டுவந்தவர். ஆக, வீட்டில் பாட்டி வழியாக வந்த பதங்களும் வெளியே குருமார் வழியாக வந்த லயமும் குழலும் சேர்ந்த செழுமையான கல்வியோடுதான் இந்தச் சகோதரர்கள் அமெரிக்கா சென்றார்கள்.

அவர்களை அழைத்த சூழலும் கவனிக்கத்தக்கது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேன்டில் ஹூட் என்ற ஆய்வாளர், உலகின் பல இனத்தவருடைய இசையை ஆராய்கிறவர் அந்த இசையை வாசிக்கவும் பாடவும் கற்றாக வேண்டும் என்று 1960இல் வலியுறுத்தினார். இரண்டு மொழிகளில் பேசத் தெரிவதைப் போல இரண்டு இசைகளில் இயங்கத் தெரிந்திருத்தல் என்னும் பொருளில் அவர் அதற்கு ‘இரு இசைமை’ என்று பெயரிட்டார். அவருடைய மாணவரான ராபர்ட் பிரவுன் சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்று, அந்த வாத்தியத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். வெஸ்லியனில் ஆசிரியராக அமர்ந்த பின், தான் எழுதியதைத் தானே கற்பிப்பதைவிடத் தன் குருவையே வரவழைத்துக் கற்பிக்கச் செய்வதுதான் முறை என்று அவர் கருதினார். இன்று இது இயல்பாகத் தோன்றலாம். அன்று பட்டம் இல்லாத ஒரு மரபுக் கலைஞரைப் பல்கலைக்கழக ஆசிரியராக ஏற்பதற்கு நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இருந்திருக்க முடியாது. ‘உலக இசை’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக அறியப்படும் பிரவுனின் உண்மையான சாதனை இந்த முடிவே என்று கூறலாம்.

அக்காலத்தின் குடியேற்றச் சட்டத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1946ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவிலிருந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே அமெரிக்காவில் குடியேற அனுமதிக்கப்பட்டனர். நாடுவாரியான அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிய புதிய சட்டம் 1965இல்தான் வந்தது. எனவே, ரங்கநாதன் மிடில்டவுனுக்கு வந்தபோது, தம் பிள்ளைகளுக்கு மரபிசை கற்பிக்க விரும்பும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே காத்திருக்கவில்லை. அவர் முன் அமர்ந்தவர்கள் ஆதி தாளத்தைக் கேட்டறியாத அமெரிக்க இளைஞர்கள். சிங்கப்பூரிலும் லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் நடந்த இசை வகுப்புகள் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் தம் பிள்ளைகளுக்காக நடத்தியவை; மிடில்டவுனில் நடந்ததோ, முழுமையாக அயலவரான ஒரு சமூகத்துக்குக் கற்பிக்கும் பணி.

அந்தப் பணிக்கு ரங்கநாதன் கைக்கொண்ட கருவி சொற்கட்டு. தாள வாத்தியத்தின் ஒவ்வொரு அடிக்கும் அடிக்கூட்டத்துக்கும் ஒரு சொல்லை அமைத்து, அந்தச் சொற்களை வாயால் சொல்லிக்கொண்டே கையால் தாளம் போடும் பயிற்சி முறை அது. நான்கு மாத்திரைக்குத் ‘தகதிமி’, மூன்றுக்குத் ‘தகிட’, ஐந்துக்குத் ‘தகதகிட’, ஏழுக்குத் ‘தகிடதகதிமி’ என்று அமையும் இந்தச் சொற்களைப் பயில்வதற்கு வாத்தியம் தேவையில்லை. தோலும் மரமும் இல்லாமல் லயத்தின் இலக்கணம் முழுவதையும் உடம்பில் ஏற்றிக்கொள்ள முடியும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மிருதங்க மாணவரின் பயிற்சியோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. மிடில்டவுனில் அது தனிப் பாடமாகவே வளர்ந்தது. பியானோ வாசிப்பவரும் ஜாஸ் டிரம் வாசிப்பவரும் இசையமைப்பு பயில்பவரும் இசைத்துறையைச் சேராத மாணவரும் ஒரே அறையில் அமர்ந்து கற்கக்கூடிய பொதுவான மொழியாக அது ஆனது.

அதன் ஒழுங்கை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், எட்டு அட்சரங்கள் உண்டு. அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வைத்தால் மொத்தம் 32. ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை சொல்லி, இடையிடையே இரண்டு மாத்திரை விட்டால் 5+2+5+2+5 என்று 19 மாத்திரை ஆகும். ஆகையால், ஆவர்த்தனத்தில் 13 மாத்திரை கழிந்தபின் இந்தச் சொல்லைத் தொடங்கினால், மூன்றாம் முறை முடியும்போது தாளம் மிகச் சரியாக மீண்டும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், வந்து சேரும். மூன்று முறை ஒலித்து இவ்வாறு முடிவு காட்டும் அமைப்பை மோரா என்பார்கள். அதைவிட விரிவாகக் கட்டப்படுவது கோர்வை. எண்கள் இங்கே காகிதத்தில் இருப்பவை. கற்பவருக்கோ அவை உள்ளங்கையிலும் நாவிலும் ஒரே நேரத்தில் நிகழ்பவை. முன்பின் இசை அறியாத ஒருவர், சில வாரப் பயிற்சியில் 13 மாத்திரை காத்திருந்து சரியான இடத்தில் எடுத்துச் சமத்தில் வந்து இறங்கும்போது பெறும் நிறைவே அந்த வகுப்பை நோக்கி மாணவரை மீண்டும் மீண்டும் இழுத்திருக்க வேண்டும்.

சொற்கட்டு வகுப்பை எளிமைப்படுத்தப்பட்ட கல்வி என்று எண்ணினால் தவறு. கற்பிக்கும் வரிசையையும் கற்பவரின் சூழலுக்கேற்ற விளக்கத்தையும் ரங்கநாதன் மாற்றிக்கொண்டாரே தவிர, பழனி மரபின் கணக்கு நுட்பத்தில் எதையும் கழித்துக் கொடுக்கவில்லை. அவரிடம் பயின்ற டேவிட் நெல்சன், கச்சேரியில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும் பகுதியான தனியாவர்த்தனத்தைப் பற்றி ஆராய்ந்து, பின் வெஸ்லியனிலேயே ஆசிரியராகி, சொற்கட்டைப் படிப்படியாகக் கற்றுத்தரும் கையேடு ஒன்றை 2008இல் வெளியிட்டார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வழியில் வந்த பாடங்கள் அயல்நாட்டு மாணவர் கையில் பாடநூலாக விரிந்திருக்கின்றன என்பது தமிழ் வாசகர் பெருமையோடு அறிந்திருக்க வேண்டிய செய்தி.

விசுவநாதனின் கல்விமுறை வேறு வகையானது. 1958இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று திரும்பிய அவர், 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத்துறைக்குத் தலைமை வகித்தார். பின்னர் அமெரிக்காவில் ராக ஆலாபனை பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். கச்சேரியின் நடுவே குழலைக் கீழே இறக்கிவிட்டுப் பாடத் தொடங்குவது அவருடைய இயல்பு. வாத்தியத்தில் ஒலிப்பது பாட்டே என்ற கொள்கையின் நேரடியான வெளிப்பாடு அது. வகுப்பிலும் அவர் குழல் மாணவரை முதலில் பாடவைத்தார். கமகம், அதாவது ஒரு ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் அண்டை ஸ்வரங்களைத் தொட்டும் ஒலிக்கும் முறை, மேற்கத்திய இசைக் குறியீட்டில் அடங்குவதில்லை. அதனால், எழுதிக் காட்டி விளக்கவும் ஆய்வுமொழியில் பேசவும் தேர்ந்த அவரே, வகுப்பறையில் செவிவழிக் கல்வியைத்தான் முதன்மையாக வைத்துக்கொண்டார். மாணவர் விரும்புவார்கள் என்று விரைவான கீர்த்தனைகளோடு நின்றுவிடாமல், குடும்பச் சொத்தான பதங்களையும் கற்பித்தார் என்பது அவருடைய துணிவைக் காட்டுகிறது. பதத்தின் நிதானத்துக்குப் பழகாத செவிக்கு அதைப் பழக்குவதற்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் அவரிடம் இருந்தன, ஏனெனில் அவர் அங்கே வாழ்ந்தார்.

அவருடைய மாணவர் மாத்யூ ஆலன் தமிழ்ப் பதங்களைப் பற்றி ஆராய்ந்தார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதிய தென்னிந்திய இசை அறிமுக நூல் 2004இல், விசுவநாதன் மறைந்த பின் வெளிவந்து, அமெரிக்கக் கல்லூரிகளில் பாடநூலாக வழங்குகிறது. 1988இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. 1992இல் அமெரிக்க அரசின் கலைகளுக்கான தேசிய நிதியம் தன் மரபுக்கலை விருதை வழங்கியது. அந்த நாட்டின் மக்களுடைய மரபுச் செல்வத்தைக் காப்பவர்களுக்கென்று உரிய இந்த விருதைத் தஞ்சை மரபின் குழல் கலைஞர் பெற்றதன் பொருள், அவருடைய இசை விருந்தினர் இசையாக இருந்த நிலை மாறி, அமெரிக்காவின் இசைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது என்பதே.

இந்தச் சகோதரர்களின் மாணவருள் தமிழ்நாடு நன்கு அறிந்தவர் ஜான் ஹிக்கின்ஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரைச் சேர்ந்த அவர், வெஸ்லியனில் இளங்கலை மாணவராகச் சேர்ந்து, பிரவுன் வழியாகவும் ரங்கநாதன் வழியாகவும் இந்த இசைக்குள் வந்தார். 1964இல் சென்னை வந்து விசுவநாதனிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். அடுத்த ஆண்டே திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் பாடினார். ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று ரசிகர்கள் அன்போடு அழைத்த அவரைப் பற்றிய வியப்பு, வெள்ளைக்காரர் ஒருவர் கர்நாடக இசை பாடுகிறாரே என்ற அளவில் பெரும்பாலும் நின்றுவிட்டது. அவருடைய உச்சரிப்புக்கும் பதம் பாடும் பக்குவத்துக்கும் பின்னால் இருந்த ஆசிரியர்களின் கற்பிக்கும் திறனைப் பற்றி அதே அளவு பேசப்படவில்லை. மிடில்டவுனில் 1984 டிசம்பரில் நேர்ந்த சாலை விபத்தில், நாற்பத்தைந்து வயதில் அவர் மறைந்தது இசையுலகுக்குப் பேரிழப்பு.

மற்ற மாணவர் சிலர் வேறு திசைகளில் சென்றனர். ரசல் ஹார்ட்டன்பெர்கர், பாப் பெக்கர் என்ற இரு தாளக் கலைஞர்கள் ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்று, 1971இல் டொரண்டோவை மையமாகக் கொண்டு உருவான நெக்ஸஸ் என்ற தாள வாத்தியக் குழுவிலும், இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் குழுவிலும் இடம்பெற்றனர். கையால் வாசிக்கும் வட்ட வடிவத் தோற்கருவிகளை அமெரிக்காவில் பரப்பிய கிளென் வெலஸும் தென்னிந்திய லயம் கற்றவர். மேடையேறாத மாணவரோ இவர்களைவிடப் பல மடங்கு. ஒன்றிரண்டு பருவம் சொற்கட்டு பயின்று, பிறகு மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ போனவர்கள் கலைஞராகவில்லை என்பதற்காக அந்தக் கல்வி வீணாயிற்று என்று கொள்ள முடியாது. கச்சேரியில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகாமல், கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கும் ஒருவரை அது உருவாக்கியிருக்கிறது. வெஸ்லியனில் 1970களில் தொடங்கி ஆண்டுதோறும் நடைபெறும் நவராத்திரி விழாவுக்கு அத்தகைய செவிகளே ஆதாரம். பிரவுன் நடத்திய, இந்தியச் சமையலும் இசையும் சேர்ந்த கறிக் கச்சேரிகளும் வளாகத்துக்கும் ஊருக்கும் இடையே ஒரு வாசலைத் திறந்துவைத்தன.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் இன்னொரு மாணவரும் இதே வழியில் வட அமெரிக்கா சென்றார். 1942இல் பூவாளூரில் பிறந்த திருச்சி சங்கரன், டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1971இல் ஹிக்கின்ஸோடு இணைந்து தென்னிந்திய இசைக்கல்வியைத் தொடங்கி, நாற்பது ஆண்டுக்கும் மேலாக அங்கே கற்பித்தார். 1962இல் மறைந்த ஒரு குருவின் மாணவர் இருவர், அவர் மறைந்த பத்தாண்டுக்குள் கனெக்டிகட்டிலும் ஒண்டாரியோவிலும் ஆசிரியராக அமர்ந்தது தற்செயலாக நேர்ந்ததாக இருக்கலாம். ஆனாலும், புதுக்கோட்டை மரபின் கணக்கு மனத்துக்கு விளக்கிச் சொல்லத்தக்கதாகவும் வாயால் சொல்லிப் பயிலத்தக்கதாகவும் அமைந்திருந்ததே அது அந்நிய மண்ணில் வேர்பிடிக்க உதவியது என்று கருத இடமுண்டு. வெஸ்லியனில் கற்பித்த இராமநாதபுரம் ராகவன், கிளீவ்லாந்தில் 1978இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனையின் உருவாக்கத்தில் பங்கு கொண்டதும் இந்தத் தொடரின் ஒரு கண்ணியே.

இதே அமெரிக்க மண்ணில், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கலைஞர்களும் இணையான பணியைச் செய்திருக்கிறார்கள். டிரினிடாடில் 1927இல் பிறந்த எலி மேனெட், எண்ணெய்ப் பீப்பாயின் அடிப்பக்கத்தைக் குழிவாகத் தட்டி, ஸ்வரங்களைப் பிரித்தெடுத்து ஒலிக்கும் எஃகு மேளத்தை உருவாக்கியவர்களில் தலையாயவர். ஏழைத் தெருக்களில் பிறந்து, கலகக்காரர்களின் கருவி என்று காவல்துறையால் ஒடுக்கப்பட்ட வாத்தியம் அது. 1967இல் அமெரிக்காவில் குடியேறிய அவர் முதலில் நியூ யார்க்கில் இளைஞர் குழுக்களுக்கு வாத்தியம் செய்துகொடுத்துக் கற்பித்தார். 1990களில் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் வாத்தியம் செய்வதையும் சுருதி சேர்ப்பதையும் பாடமாக்கினார். விசுவநாதன் பெற்ற அதே மரபுக்கலை விருது 1999இல் அவருக்கும் கிடைத்தது. தஞ்சைக் குடும்பத்தின் பதமும் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவின் எஃகு மேளமும் தோற்றத்தில் நெடுந்தொலைவு விலகியவை. சொந்த மண்ணின் மேட்டிமைச் சமூகத்தால் ஐயத்தோடு பார்க்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவை என்பதிலும், ஊர்விட்டு வந்த ஓர் ஆசிரியரின் பொறுமையால் வேற்றார் கைக்குப் போய்ச் சேர்ந்தவை என்பதிலும் அவை ஒன்றுபடுகின்றன.

கரீபியத்துக்கும் தமிழருக்கும் இதைவிட வலி மிகுந்த ஓர் உறவும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சென்னை, பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களோடு தப்பும் மத்தளமும் கூத்தும் மாரியம்மன் வழிபாடும் சென்றன. கயானாவின் காளி கோவில்களில் தப்பு இன்றும் ஒலிக்கிறது. தமிழ் மொழியோ அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. அங்கே போனவர்களுள் நல்ல கலைஞர்கள் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களுக்குக் கற்பிக்கும் நேரமோ, அதற்கான ஊதியமோ, ஊரோடு கடிதத் தொடர்போ, புதிய பாடல் வந்துசேரும் வழியோ இல்லை. பகல் முழுவதும் கரும்பு வெட்டியவர்கள் மாலையில் நினைவிலிருந்து வாசித்ததே மிஞ்சியது. ரங்கநாதனின் வெற்றியை அவருடைய திறமையால் மட்டும் விளக்க முடியாது என்பதற்கு இந்த ஒப்பீடு போதும்: அவருக்கு வகுப்பறையும் சம்பளமும் விடுப்பில் ஊர் திரும்பும் வழியும் இருந்தன.

மிடில்டவுன் முயற்சியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. வெஸ்லியன் கட்டணம் மிகுந்த தனியார் பல்கலைக்கழகம். அதன் வகுப்பறைக்குள் நுழைய முடிந்தவர்கள் பெரும்பாலும் வாய்ப்புப் பெற்றவர்களே. அதே கனெக்டிகட் பள்ளத்தாக்கின் புகையிலைத் தோட்டங்களுக்கு இரண்டாம் உலகப் போர்க்காலம் முதல் வந்து சேர்ந்து, ஹார்ட்ஃபோர்டில் குடியேறிய ஜமைக்கத் தொழிலாளர் சமூகத்துக்கு அந்த வாசல் எந்த அளவு திறந்திருந்தது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. இன்னொன்றும் உண்டு. இந்த மரபைக் கட்டிக்காத்தவர்கள் பெண்கள். பாலசரஸ்வதி வெஸ்லியனிலும் கலிஃபோர்னியாவிலும் சியாட்டிலிலும் கற்பித்தார், பிருந்தாவும் சியாட்டிலில் கற்பித்தார். ஆயினும், இருவருடையதும் வருகைதரு கலைஞர் என்ற நிலையே. நிலையான ஆசிரியப் பணி சகோதரர்களுக்கே அமைந்தது. இதற்கு அவரவர் விருப்பமும் குடும்பச் சூழலும் காரணமாக இருந்திருக்கக்கூடும். எப்படியிருப்பினும், பிருந்தா ஓர் ஊரில் முப்பது ஆண்டு தங்கிக் கற்பித்திருந்தால் பதம் பாடுவோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற ஏக்கம் எழாமல் இருப்பதில்லை.

மிடில்டவுனிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், சேலம், நாமக்கல் சமவெளிக்கும் கடல் கடந்த குடியேற்றத்தின் இந்த வரலாறு அந்நியமானதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் பெருந்தொகையாக ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் பழைய சேலம் மாவட்டமும் ஒன்று. தறி நெசவுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற இளம்பிள்ளையைச் சுற்றியுள்ள ஊர்களில், கஞ்சமலை அடிவாரம் முதல் காவிரிக்கரை வரை, மாரியம்மன் பண்டிகைக்கு உருமியும் பம்பையும் தப்பட்டையும் முழங்குகின்றன. தெருக்கூத்தில் முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் துணைசெய்கின்றன. இந்தத் தோற்கருவிகளுக்கும் வாய்வழிச் சொற்கள் உண்டு, அடிவரிசைகள் உண்டு, முடிவு காட்டும் முறைகள் உண்டு. அவை பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்துக்குள், அந்தந்தச் சாதிக்குள் கற்றுக்கொடுக்கப்பட்டு வருகின்றன. வாசிப்பவரைத் தாழ்வாக நடத்தும் வழக்கம் தொடரும் இடங்களில், இளைஞர் கருவியையே கைவிட்டுத் தறிக்கோ திருப்பூருக்கோ போய்விடுவதில் வியப்பில்லை.

சேலத்தில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பிரிவுகளில் மூன்றாண்டுப் படிப்பு, ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டும் கட்டணத்தில் நடைபெறுகிறது. அண்மை ஆண்டுகளில் அத்துறை நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேரப் பயிற்சிகளையும் தொடங்கியிருக்கிறது. ரங்கநாதனுக்கு வெஸ்லியன் தந்ததைப் போல, உருமி வாசிக்கும் ஒரு மூத்த கலைஞரை முழுநேர ஆசிரியராக, பட்டம் கேட்காமல், மாதச் சம்பளத்தில் அமர்த்தி, எந்தச் சாதிப் பிள்ளையும் அவர் முன் அமர்ந்து பம்பையின் சொற்களை வாயால் சொல்லிப் பழகும்படி செய்வதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. எட்டாவது பிரிவு ஒன்றும், அதற்கு ஓர் அறையும், கற்பவர் கலைஞராகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தாத பாடத்திட்டமும், அந்த ஆசிரியர் இருபது முப்பது ஆண்டு அதே ஊரில் இருந்து கற்பிப்பதற்கான பணி உறுதியும் வேண்டும்.